ஜான் டிக்சன் காரின் பூட்டிய அறைகள்: உங்களை இன்னும் விடாத ஒரு கணம் எது?

தச்சர் மகன்:

துப்பறியும் நாவலாசிரியர் ஜான் டிக்சன் கார், கார்ட்டர் டிக்சன் என்ற புனைபெயரில் 1938இல் எழுதிய ‘தி ஜூடாஸ் விண்டோ’வை இங்கே பெரும்பாலோர் படித்திருப்பீர்கள் என்பதால் கதையை விரிக்கவில்லை. வருங்கால மாமனாரைப் பார்க்கப் போன இளைஞன், அங்கே கொடுத்த விஸ்கியைக் குடித்து மயங்கி விழுகிறான். கண் விழிக்கும்போது பெரியவர் நெஞ்சில் அம்பு தைத்துக் கிடக்கிறார். கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது, சன்னல்களின் இரும்பு அடைப்புகளும் பூட்டியிருக்கின்றன, அறையில் அவனைத் தவிர வேறு ஆள் இல்லை. பாதி நாவலைத் தாண்டியும் ஒன்றும் பிடிபடாமல், ஓர் இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் இதைச் சொன்னேன்.

அப்பா நாற்பது ஆண்டுகள் மரவேலை செய்தவர். துப்பறியும் கதை எதையும் படித்தவர் இல்லை. நான் சன்னலையும் புகைபோக்கியையும் தாழ்ப்பாளையும் ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கும்வரை சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். பிறகு, “எல்லாரும் தாழ்ப்பாளையே பாத்துக்கிட்டு இருக்காங்களே, கதவ யாராச்சும் பாத்தாங்களா?” என்றார். எச்சில் கையோடு எழுந்து, வாசற்கதவின் முன் குந்தி உட்கார்ந்து, இடக்கைப் பெருவிரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். அந்த இடத்தில் பித்தளைத் தகடு தேய்ந்து வெளுத்திருந்தது. மீதி நாவல் முழுவதையும் அவர் சொன்னது சரிதானா என்று பார்ப்பதற்காகவே படித்தேன், சரியாகத்தான் இருந்தது.

அப்பா இப்போது இல்லை. அந்த வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம். மாதந்தோறும் வாடகை வாங்கப் போகும்போது கதவைத் தட்டுவதற்கு முன் என் பெருவிரல் அந்தத் தகட்டுக்குத்தான் போகிறது. நாள்தோறும் பத்து முறையாவது தொட்டுத் திறந்த ஓர் இடத்தை நான் ஒருமுறைகூடப் பார்த்திருக்கவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

பனிக்காலடி:

மேலே எழுதியிருப்பவருடைய தந்தையின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டாகிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பூட்டிய அறைக் கதையில் விடையை முழுதாகச் சொல்வதற்கும், விடை இருக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டுவதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. இன்னும் அந்த நாவலைப் படிக்காத ஒருவர் இதைப் பார்த்திருந்தால் அவருக்கு அது போனது போனதுதான். ஒரு முறை தெரிந்துவிட்டதைத் தெரியாததாக யாராலும் ஆக்கிக்கொள்ள முடியாது. என் நண்பர் ஒருவர் அப்படித்தான் வேறொரு நாவலின் முடிவை எனக்குச் சொல்லிவிட்டார், பதினைந்து ஆண்டுகளாகியும் அந்த வருத்தம் எனக்குத் தீரவில்லை.

என்னுடைய கணம் 1935இல் வந்த ‘தி ஹாலோ மேன்’ நாவலைச் சேர்ந்தது. அமெரிக்காவில் ‘தி த்ரீ காஃபின்ஸ்’ என்ற பெயரில் வந்ததும் இதுவே. இரண்டாவது கொலை காக்லியோஸ்த்ரோ தெருவின் நடுவில் நடக்கிறது. வெற்றுத் தெருவில் ஒருவன் நடந்து போகிறான், இரண்டாவது குண்டு உனக்குத்தான் என்று ஒரு குரல் கேட்கிறது, துப்பாக்கி வெடிக்கிறது, மிக அருகிலிருந்து சுட்டிருக்கிறார்கள், ஆனால் பனியின்மீது செத்தவனின் காலடிகளைத் தவிர வேறு தடமே இல்லை. பனி என்றால் என்னவென்றே அறியாத வயதில் இதைப் படித்தபோது எனக்கு இது கணக்குப் புதிராகத்தான் தெரிந்தது. தெருவை வரைந்து, நேரங்களைக் குறித்து, மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன்.

பல ஆண்டுகள் கழித்துப் பனி பொழியும் ஊருக்கு வேலைக்குப் போனேன். முதல் குளிர்காலத்தில், இரவு வேலை முடிந்து திரும்பும்போது, தெரு விளக்கின் கீழே நின்று எதற்கோ திரும்பிப் பார்த்தேன். நான் வந்த வழி முழுவதும் என் காலடிகள் மட்டும், ஒவ்வொன்றின் விளிம்பும் கத்தியால் வெட்டியதுபோல, ஒற்றை வரிசையாக என்னிடம் வந்து நின்றன. எந்தச் சத்தமும் இல்லை. அந்த ஒரு கணத்தில்தான் கார் எழுதியதை முதன்முறையாகப் படித்தேன் என்று சொல்வேன். விடை எனக்கு எப்போதோ தெரிந்திருந்தும், பிடரியில் குளிர் ஏறி, வீடுவரை ஓடாத குறையாக நடந்தேன்.

தச்சர் மகன்:

பனிக்காலடி அவர்களுக்கு: உங்கள் கண்டனம் நியாயமானது. படிக்காதவர்களை நான் எண்ணிப் பார்க்கவில்லை, வருந்துகிறேன். ஆனால் அப்பாவின் விரலை விட்டுவிட்டு என் அனுபவத்தைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

கடலோடி:

சரக்குக் கப்பலில் பொறியாளராக இருக்கிறேன், சுருக்கமாக எழுதுகிறேன். கார் வானொலிக்கும் நிறைய எழுதியவர். இங்கிலாந்தில் பிபிசிக்கு எழுதினார். அமெரிக்காவில் ‘சஸ்பென்ஸ்’ தொடருக்கு எழுதிய ‘கேபின் பி-13’ என்ற நாடகம் 1943இல் ஒலிபரப்பானது. புதிதாக மணமான பெண் கணவனோடு கப்பலேறுகிறாள். சற்று நேரத்தில் கணவனைக் காணவில்லை. அவர்கள் பெட்டிகளை வைத்த அறையைக் கேட்டால், அப்படி ஓர் எண்ணுள்ள அறையே இந்தக் கப்பலில் இல்லை என்கிறார்கள்.

நள்ளிரவு வாட்ச் முடிந்து படுக்கையில் கிடந்தபடி இந்தப் பழைய ஒலிப்பதிவைக் கேட்டேன். அடியில் இயந்திரம் ஓடும் அதிர்வு முதுகில் பட்டுக்கொண்டிருந்தது; நாடகத்தில் வரும் கப்பலின் ஊதலும் அதனோடு கலந்துவிட்டது. முடிந்ததும் எழுந்து, செருப்புகூடப் போடாமல், கதவைத் திறந்து என் அறை எண்ணைப் பார்த்துவிட்டு வந்து படுத்தேன். ஏழு மாதங்களாக அதே அறையில்தான் இருந்தேன்.

பழைய வாசகர்:

நான் காரின் கடைசி நாவலான ‘தி ஹங்ரி காப்ளின்’, 1972இல் வந்தது, அதைத்தான் முதலில் படித்தேன். நாற்பதாம் பக்கத்தில் மூடிவைத்த அந்தக் கணம்தான் என் அனுபவம். அதன்பின் பத்து ஆண்டுகள் அவர் பக்கமே போகவில்லை. இந்தத் தவற்றை வேறு யாரும் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ‘தி ஹாலோ மேன்’ நாவலில் தொடங்க வேண்டாம். 1981இல் எட்வர்ட் ஹாக் என்ற எழுத்தாளர் துப்பறியும் கதை வல்லுநர்களிடம் கருத்துக் கேட்டபோது, பூட்டிய அறை நாவல்களில் அதற்குத்தான் முதலிடம் கிடைத்தது என்பது உண்மை. ஆனால் அதன் 17ஆம் அத்தியாயத்தில் துப்பறிவாளர் டாக்டர் ஃபெல் கதையை நிறுத்திவிட்டு, பூட்டிய அறைக்குள் கொலை நடக்கக்கூடிய வழிகளை வகை பிரித்து விரிவுரை ஆற்றுகிறார். நாம் ஒரு துப்பறியும் கதைக்குள் இருக்கிறோம், இல்லையென்று நடித்து வாசகரை ஏமாற்ற வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறார். அந்தத் துணிச்சலின் அருமை, பத்துப் பன்னிரண்டு நாவல்களைப் படித்து நாமே அந்த வழிகளையெல்லாம் யோசித்துப் பார்த்த பிறகுதான் புரியும். முதலில் 1944இல் வந்த ‘டில் டெத் டு அஸ் பார்ட்’, அடுத்து 1946இல் வந்த ‘ஹி ஹூ விஸ்பர்ஸ்’ என்று போங்கள். ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டனை மாதிரியாக வைத்து உருவாக்கிய டாக்டர் ஃபெல், அந்தப் பெருத்த உடம்போடும் இரண்டு கைத்தடிகளோடும் மூச்சு வாங்க நடந்து வருவதை இந்த இரண்டிலும் நன்றாகப் பழகிக்கொள்ளலாம். பிறகு கார்ட்டர் டிக்சன் பெயரில் வந்தவற்றுக்கு வாருங்கள். அவற்றில் ஹென்றி மெரிவேல் என்ற வேறொரு துப்பறிவாளர் வருவார். 1943இல் வந்த ‘ஷி டைடு எ லேடி’யைத் தவறவிடவே கூடாது. 1937இல் வந்த ‘தி பர்னிங் கோர்ட்’ நாவலைக் கட்டாயம் கடைசிக்கு வையுங்கள். அதன் இறுதிப் பக்கங்கள் செய்யும் வேலை, இவர் எப்படி எழுதுபவர் என்று முன்பே அறிந்தவருக்கு மட்டுமே முழுதாக உறைக்கும். 1963இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அதற்குப் பின் வந்த எதையும் தொடாதீர்கள், நேரம்தான் வீண்.

மகள்:

‘எதையும் தொடாதீர்கள்’ என்ற சொற்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பழைய வாசகர் தரும் பட்டியலை நான் மறுக்கவில்லை. காரின் உச்சம் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும்தான் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் 1963இல் நடந்ததை ஒரு வரியில் கடந்துபோவதை ஏற்க முடியவில்லை.

அப்பா நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு பக்கவாதத்தில் அவருடைய இடப்பக்கம் விழுந்துவிட்டது. காருக்கும் அதே இடப்பக்கம்தான். அதற்குப் பிறகும் அவர் ஒரு கையால் எழுதினார் என்று நான் படித்துச் சொன்னபோது, தட்டச்சுப் பொறியில் எழுதினார் என்றே அப்பா எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வலக்கையைப் போர்வைமேல் வைத்துத் தட்டத் தொடங்கினார். இடது பக்கத்து எழுத்துகளுக்கு, ஏ, எஸ், டி என்று, கை உடம்பைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. பெரிய எழுத்து வந்ததும் விரல்கள் நின்றுவிட்டன. “ஷிப்ட அழுத்தி வச்சுக்க இன்னொரு கை வேணும்மா. இல்லேன்னா லாக் போட்டு, எழுத்த அடிச்சு, மறுபடி லாக்க எடுக்கணும். ஒவ்வொரு பேருக்கும் அதே பாடு” என்றார். பிறகு, “அதுக்கப்புறம் எத்தன கதை எழுதினாரு?” என்று கேட்டார்.

1965 முதல் 1972 வரை ஏழு நாவல்கள் என்றேன். அவற்றோடு ‘எல்லரி குவீன்ஸ் மிஸ்டரி மேகசின்’ இதழில் பல ஆண்டுகள் நூல் மதிப்புரைகளும் எழுதினார் என்றேன். “ஏழா?” என்று மட்டும் கேட்டார். அவர் கை மறுபடி போர்வைமேல் ஏதோ ஒரு வாக்கியத்தை அடித்துக்கொண்டிருந்தது. என்ன வாக்கியம் என்று நான் கேட்கவில்லை.

அந்த ஏழையும் வரிசையாகப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். இரவில் ஒரு மணி நேரம் தமிழில் சொல்லிச் சொல்லிப் படிக்கிறேன். சில இடங்கள் இழுக்கின்றன, அதை மறைக்க மாட்டேன். அப்பா அங்கே தூங்கிவிடுவதும் உண்டு. இப்போது மூன்றாவதான ‘டார்க் ஆஃப் தி மூன்’ பாதியில் இருக்கிறோம். டாக்டர் ஃபெல் கடைசியாக வரும் நாவல் அது. கொலைகாரர் யார் என்று அப்பா ஒரு பெயரைச் சொல்லிவைத்திருக்கிறார். படித்தவர்கள் யாரும் அதன் முடிவை இங்கே எழுதிவிட வேண்டாம்.