ஆள்சேர்ப்பிலிருந்து தொழிலாளர் உறவுக்கு மாறலாமா?

கயல், சென்னை:
வணக்கம். எம்.பி.ஏ. முடித்துவிட்டு ஒரு ஐ.டி. நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்க ரெஸ்யூமே பார்த்துச் சலித்துவிட்டது. ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் எம்ப்ளாயீ ரிலேஷன்ஸுக்கு, அதாவது தொழிலாளர் உறவுப் பிரிவுக்கு, ஆள் கேட்கிறார்கள். எனக்குப் போக ஆசை. அம்மாவுக்குப் பயம், 2012-ல் மானேசர் கார் ஆலைக் கலவரத்தில் எச்.ஆர். மேலாளர் இறந்த செய்தியை அவர் இன்னும் மறக்கவில்லை. சட்டம் படித்திருக்க வேண்டுமா? பெண்கள் அங்கே தாக்குப்பிடிக்க முடியுமா? அனுபவசாலிகள் சொல்லுங்கள்.

ஓசூர் ஐ.ஆர்.:
தாராளமாகப் போங்கம்மா. நான் ஓசூர்ப் பக்கம் ஆலைகளில் ஐ.ஆர்., அதாவது தொழில் உறவு வேலை, பார்த்தே ஓய்வு பெற்றவன். இந்த வேலையில் உங்கள் சொல்லை இரண்டு பக்கமும் நம்ப வேண்டும். “பார்க்கிறேன்” என்று ஒரு தொழிலாளியிடம் சொன்னால் பார்த்தே ஆக வேண்டும். முடியாததை முடியாது என்று அன்றே சொல்லிவிடுங்கள். கோபப்படுவார்கள், ஆனால் அடுத்த பிரச்சினைக்கும் உங்களைத்தான் தேடி வருவார்கள்.

ஒரு தொழிலாளி மேல் வரும் புகாரை நிர்வாகமே விசாரிக்கும் உள்விசாரணையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் நியாயம் நிற்பதும் விழுவதும். ஒரு ஆபரேட்டர் சூப்பர்வைசரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார் என்று புகார் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் விளக்கம் கேட்டு மெமோ. பதில் திருப்தி இல்லையென்றால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. அதில் “ஒழுங்கீனமாக நடந்தார்” என்று மொட்டையாக எழுதக்கூடாது. எந்தத் தேதி, எந்த ஷிஃப்ட், எந்த மெஷின் பக்கத்தில், என்ன வார்த்தை, யார் காதில் விழுந்தது, எல்லாம் வர வேண்டும். விசாரணை அதிகாரி அந்தப் புகாரில் சம்பந்தப்படாதவராக இருக்க வேண்டும். ஆபரேட்டருக்குத் துணையாக சக தொழிலாளி ஒருவர் உட்காரட்டும். சாட்சி சொல்வதைத் தமிழிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கி, நகலை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். சூப்பர்வைசரைக் குறுக்கு விசாரணை செய்ய ஆபரேட்டருக்கு முழு வாய்ப்பு கொடுங்கள்.

“ஒரு வாரத்தில் ஆளை வெளியே அனுப்பு” என்று மேலிடத்தில் அவசரப்படுத்துவார்கள். அசையாதீர்கள். சஸ்பென்ஷனில் இருப்பவருக்கு அந்தக் காலத்துக்குத் தர வேண்டிய பிழைப்பூதியம் போகாமல் இருந்தாலே, பின்னால் கோர்ட்டில் மொத்த விசாரணையும் செல்லாமல் போய்விடலாம். சட்டத்தை விடுங்கள், அவர் வீட்டில் அந்தப் பணத்தில்தான் உலை கொதிக்கிறது.

அம்மாவின் பயம் நியாயமானதுதான். ஆனால் பெரிய பிரச்சினை எதுவும் திடீரென்று வெடிப்பதில்லை. கேன்டீனில் சாப்பிடாமல் இருப்பார்கள், கறுப்பு பேட்ஜ் குத்துவார்கள், உற்பத்தி குறையும். தினமும் ஷாப் ஃப்ளோரில், உற்பத்தி நடக்கும் இடத்தில், ஒரு சுற்று நடப்பவர் கண்ணுக்கு இதெல்லாம் தப்பாது.

சட்டப் பட்டம் கட்டாயமில்லை. தொழிலாளர் சட்டத்தில் ஒரு பட்டயப் படிப்பு போதும். தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்தை விசாரித்துப் பாருங்கள். 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருப்பதால் அதை முதலில் படியுங்கள். எந்தத் தொழிற்சாலையானாலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் நோட்டீஸ் வேண்டும். பாதிப் பேர் ஒரே நாளில் கேஷுவல் லீவு போட்டாலும் அது வேலைநிறுத்தக் கணக்கில் வரும். இதற்கு முன்பிருந்த தொழில் தகராறுகள் சட்டத்தின் 18(1), 12(3) என்ற பிரிவுகளையும் தெரிந்துகொள்ளுங்கள். முன்னது நிர்வாகமும் சங்கமும் நேரடியாகப் போடும் ஒப்பந்தம், கையெழுத்திட்ட தரப்பை மட்டும் கட்டுப்படுத்தும். பின்னது அரசின் சமரச அலுவலர் முன்னால் போடுவது, சங்கத்தில் இல்லாதவரையும் கட்டுப்படுத்தும்.

லைன் நம்பர் 4:
பெண்கள் தாக்குப்பிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் இதே வேலையில் இருக்கிறேன். இங்கே லைனில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் உடம்பு கெட்டு, பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்களே, நினைவிருக்கிறதா? சாப்பாடு, படுக்கை, குளியலறை என்று பல விஷயங்களை ஆண் மேலாளரிடம் சொல்லக் கூச்சப்படுவார்கள். வாரம் ஒருமுறை விடுதிக்குப் போய் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். மீதியை அவர்களே சொல்வார்கள்.

சங்கத்துக்காரன்:
எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. இனிக்கப் பேசும் எச்.ஆர். எங்களுக்கு வேண்டாம். முடிவெடுக்கும் அதிகாரத்தோடு பேச்சுவார்த்தைக்கு வருபவர் வேண்டும். “மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்” என்பதையே ஆறு சிட்டிங்கில் கேட்டால் யாருக்கும் பொறுமை போய்விடும். 2024-ல் சாம்சங் ஆலையில் 37 நாள் நடந்த வேலைநிறுத்தத்தில் முக்கியமான கோரிக்கையே சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பதுதான். இன்டர்வியூவில் நீங்களும் கேளுங்கள்: ஆலையில் சங்கம் உண்டா? கடைசி ஊதிய ஒப்பந்தம் எப்போது முடிகிறது? காண்ட்ராக்ட் ஆட்கள் எத்தனை பேர்? மழுப்பினால் யோசித்துச் சேருங்கள்.

கயல், சென்னை:
எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. இப்போது வாங்குவதைவிடச் சம்பளம் குறைவாகத்தான் சொல்கிறார்கள். கூட்டிக் கேட்கலாமா?

ஓசூர் ஐ.ஆர்.:
கேளுங்கம்மா. கூடவே இன்னொன்றும் கேளுங்கள். மூன்றாம் ஷிஃப்டில் பிரச்சினை என்றால் ராத்திரியில் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டு வாசலுக்கு வண்டியும் துணைக்கு ஆளும் அனுப்புவார்களா என்று கேட்டு, அதை ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.