முதல் குளிர்காலம், காலை 8 மணி வகுப்பு: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மூன்றாம்மாடி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குளிரே தெரியாமல் வளர்ந்தவன் நான். கல்லூரிக்காகக் குளிர் ஊருக்கு வந்திருக்கிறேன், இதுதான் முதல் குளிர்காலம். வெளியே மைனஸ் 10-ஐ ஒட்டிப் போகிறது, காற்று வேறு. விடுதியிலிருந்து வகுப்புக்கு 20 நிமிட நடை. முதல் வகுப்பு 8 மணிக்கு, கிளம்பும்போது இன்னும் இருட்டாகத்தான் இருக்கிறது.

இருப்பதிலேயே கனமான ஜாக்கெட், உள்ளே இரண்டு பருத்தி பனியன், காலில் இரண்டு ஜோடி சாக்ஸ். இப்படித்தான் போகிறேன். போய்ச் சேரும்போது முதுகு வியர்த்து ஊறிக் கிடக்கிறது, கால்விரல்கள் மட்டும் மரத்துப் போயிருக்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி என்று எனக்குப் புரியவே இல்லை. உட்கார்ந்த பத்தாவது நிமிடம் அந்த ஈர பனியன் முதுகில் ஒட்டிக்கொண்டு ஜில்லென்று ஆகிவிடும், அப்புறம் பாடம் எதுவும் மண்டையில் ஏறாது. நேற்று குறிப்பெடுக்கப் பேனாவைப் பிடித்தேன், விரல் மடங்கவில்லை. மூன்று வரி எழுதியதில் பாதி எனக்கே படிக்க வரவில்லை.

உதடு வெடிக்கிறது, இரண்டு முறை மூக்கில் ரத்தம் வந்தது. சென்ற வாரம் இரண்டு வகுப்புகளுக்குப் போகவில்லை. காய்ச்சல் எதுவும் இல்லை, போர்வையை விட்டு எழ மனம் வரவில்லை, அவ்வளவுதான். நிறையத் துணி வாங்கப் பணம் இல்லை. ஒன்றிரண்டு வாங்கலாம் என்றால் எதை முதலில் வாங்குவது?

---

நூல்கண்டு:

ஜவுளித் தொழில்நுட்பம் படிக்கிறேன், எனக்கு இது நான்காவது குளிர்காலம். உங்களைப் படுத்துவது குளிரைவிட ஈரம். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

துணி சூட்டை உண்டாக்குவதில்லை. நூல்களுக்கு நடுவே அசையாமல் அடைபட்டிருக்கும் காற்றுதான் உடம்புச் சூடு வெளியே போகாமல் பிடித்து வைக்கிறது. பருத்தி வியர்வையைக் குடித்து ஊறிவிடும், காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்து நிற்கும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். பத்தாவது நிமிடத்தில் உங்கள் முதுகில் நடப்பது இதுதான். கம்பளி அப்படி இல்லை, தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை உள்ளே வாங்கிய பிறகும் தொட்டால் பெரிதாக ஈரம் தெரியாது.

அதனால் முதலில் வாங்க வேண்டியது உடம்பை ஒட்டிப் போடும் ஒரு தெர்மல் மேல்சட்டை. பாலியஸ்டர் போதும், மெரினோ கம்பளி கிடைத்தால் இன்னும் நல்லது. அதன்மேல் ஏதாவது ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்று புகாத ஜாக்கெட். அடுக்கடுக்காகப் போடுவதே வேண்டும்போது கழற்றுவதற்குத்தான், பலர் போட்ட அடுக்கை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். ஐந்து நிமிடம் நடந்ததும் உடம்பு தானாகச் சூடாகும். அப்போது கழுத்துப் பக்கம் ஜிப்பைக் கொஞ்சம் இறக்குங்கள், முதுகு வியர்க்கும் வரை காத்திருக்காதீர்கள். வகுப்பில் நுழைந்தவுடன் ஜாக்கெட்டைக் கழற்றிவிடுங்கள்.

இரண்டாவது, ஒரு ஜோடி தடித்த கம்பளி சாக்ஸ். ஒன்றுதான், இரண்டு வேண்டாம். உங்கள் கால் மரத்துப்போவதே அந்த இரண்டாவது ஜோடியால் என்று நினைக்கிறேன். பூட்ஸுக்குள் கால் இறுகினால் ரத்த ஓட்டமும் குறையும், காற்று நிற்க இடமும் இருக்காது. உள்ளே விரலை ஆட்ட முடிகிறதா என்று பாருங்கள், முடியவில்லை என்றால் எவ்வளவு தடித்த சாக்ஸும் உதவாது. தரை வழியாகவும் சூடு இறங்கும், அதனால் பூட்ஸுக்குள் ஒரு ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) அட்டை வெட்டிப் போடலாம்.

கைக்கு, விரல்கள் தனித்தனியாக இருக்கும் உறையைவிட நாலு விரலும் ஒன்றாக இருக்கும் உறைதான் சூடு, விரலோடு விரல் சேர்ந்திருக்கும். அப்புறம் காற்று. மைனஸ் 10-இல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 20 போல. திறந்த மைதானம் வழியாகப் போகிறீர்கள் என்றால், இரண்டு நிமிடம் கூட ஆனாலும் கட்டடங்களை ஒட்டிய வழியில் போய்ப் பாருங்கள்.

---

பட்டாணி:

குல்லா போடுங்க நண்பரே, உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகத்தான் போகிறது. எனக்குக் குல்லா ஒன்றே போதும்.

---

வெள்ளுடுப்பு:

பட்டாணி, குல்லா நல்லதுதான், ஆனால் அந்தப் பாதிக் கணக்கு சரியில்லை. தலை நம் உடம்பின் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, போகும் சூடும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். மற்ற இடமெல்லாம் மூடியிருக்கும்போது தலை மட்டும் திறந்திருப்பதால் அங்கே அதிகமாகத் தெரிகிறது. காதை மூடும்படி போடுங்கள், காது நுனி சீக்கிரம் விறைக்கும்.

மூன்றாம்மாடி, நான் செவிலியர் படிப்பில் இருக்கிறேன். உதடு, மூக்கு இரண்டுக்கும் காரணம் உங்கள் அறைக் காற்று. மைனஸ் 10-இல் காற்று தாங்கக்கூடிய ஈரமே மிகக் குறைவு, அந்தக் காற்றை அறைக்குள் கொண்டுவந்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 12 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். 30-இலிருந்து 50 வரை இருந்தால் மூக்குக்கும் தோலுக்கும் சுகம். துவைத்த துணியை இரவில் அறைக்குள்ளேயே காயப்போடுங்கள், துணியும் காயும், அறைக்கும் கொஞ்சம் ஈரம் கிடைக்கும். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிய ஆரம்பித்தால் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள், பூஞ்சை வரும். கொதிக்கிற தண்ணீரில் நீண்ட நேரம் குளிப்பதை விடுங்கள், இருக்கிற எண்ணெய்ப் பசையையும் அது எடுத்துவிடும். துடைத்த கையோடு, தோலில் ஈரம் இருக்கும்போதே வாசலின் தடவுங்கள். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள்.

கொஞ்சம் அழுத்தமாக ஒன்று சொல்ல வேண்டும். மரத்துப்போன காலை ஹீட்டருக்கு முன்னால் நீட்டாதீர்கள். என் வகுப்புத் தோழி ஈர பூட்ஸோடு வெகுநேரம் வெளியே நின்றுவிட்டு வந்து அப்படித்தான் நீட்டினாள், சுடுவது அவளுக்குத் தெரியவே இல்லை. சாக்ஸைக் கழற்றியபோது பெருவிரல் பக்கம் கொப்புளம் கிளம்பியிருந்தது. தோல் வெளுத்தோ சாம்பல் நிறமாகவோ மெழுகு போல இறுகி, தொட்டால் உணர்ச்சியே இல்லை என்றால் அது பனிக்கடியாக இருக்கலாம். தேய்க்கக் கூடாது, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அதுவரை 37 முதல் 39 டிகிரி வரை இருக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கலாம், ஆனால் திரும்பவும் குளிரில் போக வேண்டியிருந்தால் அதையும் செய்யாதீர்கள், உருகிய இடம் மறுபடி உறைந்தால் சேதம் அதிகம். கூட இருப்பவர் நடுங்கிக்கொண்டிருந்து, நடுக்கம் நின்று, பேச்சு குழறினால் குளிர் விட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஆபத்து கூடியிருக்கிறது, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

---

குடைக்கம்பி:

சுருக்கமாக. ஹீட்டரை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டாதே, வயர் சூடாகித் தீப்பிடிக்கும். கட்டிலும் திரையும் ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும், தூங்கும்போது அணைத்துவிடு. விடுதியில் அனுமதி உண்டா என்று முதலில் கேள். செல்போனை உள் பையில் வை, குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும். பனி உறைந்த பாதையில் சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுக்கப் பதிய நட, கை பாக்கெட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

---

மரங்கொத்தி:

தம்பி, நீ எழுதியதில் என் கண் போய் நின்றது அந்தப் போர்வை வரியில்தான். மற்றவர்கள் துணியைப் பற்றி நன்றாகச் சொல்லிவிட்டார்கள், நான் இதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

என் இரண்டாவது வருடக் குளிர்காலத்தில் நானும் இப்படித்தான் ஒன்று இரண்டு வகுப்பு என்று விட ஆரம்பித்தேன். பிறகு சாப்பிட மட்டும் எழுவேன், பகலெல்லாம் தூங்குவேன், ஆனாலும் அசதி போகாது. சோம்பேறித்தனம் என்று என்னை நானே திட்டிக்கொண்டு ஒரு செமஸ்டரையே இழந்தேன். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. 1984-இல் நார்மன் ரோசன்தால் என்ற மனநல மருத்துவரும் அவருடன் வேலை செய்தவர்களும் பருவகால மனச்சோர்வு என்று இதை விவரித்து எழுதினார்கள். பகல் குறைந்து வெளிச்சம் போதாமல்போகும் மாதங்களில் வரும், வசந்தம் வந்தால் விலகும். உனக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. இரண்டு வகுப்பு விட்டதற்கே அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் ஆரம்பத்திலேயே கவனி.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள், வகுப்பறை விளக்கு சில நூறு லக்ஸ்தான் இருக்கும். மேகம் மூடிய மதியத்தில்கூட வெளியே அதைவிடப் பல மடங்கு வெளிச்சம் உண்டு. அதனால் மதிய இடைவேளையில் அரைமணி நேரம் வெளியே நட, குளிர்ந்தாலும் பரவாயில்லை. இதற்கென்றே 10,000 லக்ஸ் விளக்குகள் கிடைக்கும், காலையில் எழுந்ததும் இருபது முப்பது நிமிடம் அதன் முன் உட்கார்ந்து படிப்பார்கள், நேராக உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. சில கல்லூரி நூலகங்களில் இரவலாகவே தருகிறார்கள், கேட்டுப் பார். கண் கோளாறு இருந்தால், அல்லது மனநிலை மிக உற்சாகமாகவும் மிகச் சோர்வாகவும் மாறி மாறி வருமென்றால், மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தாதே.

எழுவதற்கு நான் கண்டுபிடித்தது ஒன்று. மறுநாள் போட வேண்டிய தெர்மலையும் சாக்ஸையும் இரவே போர்வைக்குள் கால்பக்கம் வைத்துவிடுவேன். காலையில் அவை உடம்புச் சூட்டில் இருக்கும், போர்வைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு எழலாம், அந்த முதல் அரை நிமிடத்துக் குளிர் இருக்காது. அப்புறம், பக்கத்து அறையில் ஒருவரிடம் “காலையில் சேர்ந்து போகலாம்” என்று சொல்லி வை. எனக்காக ஒருவர் கீழே நிற்கிறார் என்றால் நான் எழுந்துவிடுவேன்.

இரண்டு வாரம் இதே நிலை நீடித்தால் கல்லூரி ஆலோசகரைப் பார். வாழ்வே வேண்டாம் என்பது போல எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்காதே, அன்றே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்.

---

மூன்றாம்மாடி:

எல்லோருக்கும் நன்றி, எதிர்பார்க்கவே இல்லை இவ்வளவு. நேற்று தெர்மல் ஒன்றும் கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடியும் வாங்கினேன். மரங்கொத்தி அண்ணன் சொன்னபடி போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினேன். இன்று ஜிப்பைப் பாதி இறக்கிவிட்டு நடந்தேன், முதல் ஐந்து நிமிடம் கஷ்டமாக இருந்தது, பிறகு சரியாகிவிட்டது. முதுகு காய்ந்தே இருந்தது. விரல் நுனி இன்னும் கொஞ்சம் மரக்கிறது, ஆனால் குறிப்பு முழுவதும் எழுத முடிந்தது. எதிர் அறைக்காரரிடம் பேசினேன், அவரும் இரண்டு வாரமாக 8 மணி வகுப்பை விட்டிருக்கிறாராம், நாளை முதல் சேர்ந்து போகிறோம். எண்ணங்கள் அப்படி எதுவும் இல்லை அண்ணா, இருந்தாலும் ஆலோசகர் அறை எங்கே என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

இந்தக் கம்பளி சாக்ஸை எப்படித் துவைப்பது? இருப்பது ஒரே ஜோடி.

---

நூல்கண்டு:

குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலசுங்கள், தேய்க்கவோ முறுக்கிப் பிழியவோ வேண்டாம். காய்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் தண்ணீர் துண்டுக்கு வந்துவிடும், பிறகு தட்டையாக விரித்துப் போடுங்கள். ஹீட்டர் மேல் போட்டால் சுருங்கிவிடும். தினமும் துவைக்க வேண்டியதில்லை, இரவில் காற்றாட வைத்தாலே இரண்டு மூன்று நாள் போடலாம், கம்பளியில் நாற்றம் சீக்கிரம் பிடிக்காது.