புதுப்பிப்பு: சம்பூரில் நிலக்கரி போய்ச் சூரியமின்சாரம்

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் திட்டமிடப்பட்ட 500 மெகாவாட் அனல்மின் நிலையத்தின் வெந்நீர் கொட்டியாரக் குடாவின் மீன்வளத்தைக் கெடுக்கும், சாம்பல் வயல்களில் படியும் என்று ஊரார் அஞ்சியதை முன்பு எழுதியிருந்தேன். அத்திட்டம் கைவிடப்படுவதாக 2016 செப்டம்பரில் இலங்கை அரசு நாட்டின் உச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் அறிவித்தது. அங்கேயே 120 மெகாவாட் சூரியமின் நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் கட்டுமானத் தொடக்க விழா நடந்தது.

புகையில்லை என்பது பெரிய ஆறுதல்தான். ஆயினும், 2006 போரில் இடம்பெயர்ந்து, பல ஆண்டுகள் முகாம்களில் காத்திருந்து ஊர் திரும்பியவர்களுக்கு நிலமே முதற்கவலையாக இருக்கையில், மெகாவாட்டுக்குச் சுமார் 4 முதல் 5 ஏக்கர் கேட்கும் சூரியப்பலகைகள் அக்கவலையைத் தீர்ப்பதில்லை. மேய்ச்சல் தரைக்கும் வயலுக்கும் செல்லும் பாதைகள் வேலிக்குள் அடைபடா என்ற உறுதியை மக்கள் எழுத்தில் கேட்பது நியாயமே.