கடற்கரைப் பள்ளிப் படம் யாரிடமாவது இருக்கிறதா?

அஸ்ஸலாமு அலைக்கும் சொந்தங்களே,

போன கிழமை டோஹாவில் இருக்கும் தம்பி ஒருத்தர், இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள நம் ஊர் கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளிவாசலைப் பற்றி மகன் பாடசாலையில் எழுத வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். பதினைந்து மடல் வந்தது. அதில் பத்து, இறைநேசர் பெயரில் சோறு ஆக்கிக் கொடுக்கும் கந்தூரி மார்க்கத்தில் ஆகுமா ஆகாதா என்ற சண்டை. பையனுக்கு ஒரு வரி கூடப் போகவில்லை. சரி, எனக்குத் தெரிந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஆட்களில் பலருக்கே ஒன்று தெரியாது: அங்கே கபுறு, அதாவது யாருடைய அடக்கத்தலமும், கிடையாது. நாகூரில் அடங்கியிருக்கும் இறைநேசர் ஷாஹுல் ஹமீத் நாயகத்தின் பெயரில் எழுந்த இடம் அது. நாயகம் வாழ்ந்தது 16ஆம் நூற்றாண்டில். கப்பலோடிகளுக்கும் கடற்றொழில் செய்பவர்களுக்கும் அவர் மேல் தனிப் பிரியம். தமிழ் முஸ்லிம் வணிகர் போன கரையிலெல்லாம் அந்தப் பெயரும் கூடவே போயிருக்கிறது.

இதை நான் விளங்கிக்கொண்டது ஊரில் அல்ல, சிங்கப்பூரில். வந்த புதிதில் தெலுக் ஆயர் தெருவில் பகல் சாப்பாட்டுக்கு நடந்தபோது, கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே சின்ன மினாராக்களோடு ஒரு வெள்ளைக் கட்டடம் தெரிந்தது. நாகூர் தர்கா. 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டியது. அந்தக் காலத்தில் அந்தத் தெருதான் கடற்கரை. பிறகு மண் போட்டு நிரப்பிக் கடலைத் தூரத் தள்ளிவிட்டார்கள். கொஞ்சம் தள்ளி, தமிழ் முஸ்லிம்கள் ஓலைக் குடிசையாகத் தொடங்கிய ‘கூச்சுப் பள்ளி’. அதே தெருவில் சீனர்களின் கடல் தெய்வத்துக்கு ஒரு கோயில். கரை சேர்ந்தவன் எவனாக இருந்தாலும் முதலில் நன்றி சொல்லத்தான் போயிருக்கிறான். நம்முடைய பள்ளியில் கொடியேற்றம் இருநூறு வருசத்தைத் தாண்டிவிட்டது. கணக்குப் பார்த்தால் அந்தத் தர்காவும் நம் பள்ளியும் ஏறக்குறைய ஒரே காலத்தவை.

ஜமாதுல் ஆகிர் மாதம் பிறந்ததும் பெரிய பள்ளியிலிருந்து கொடி ஊர்வலமாக வரும். பன்னிரண்டு நாள், கடைசியில் கந்தூரி. என் மூத்தம்மா (பாட்டி) நேர்ச்சைக் காசை முந்தானையில் முடிந்து வைத்திருப்பா. வாப்பா கடலில் நிற்கும்போது காற்று மாறினால் இன்னொரு முடிச்சு. கொடி ஏறுகிற அன்று அந்த முடிச்சுகளைப் பல்லால் கடித்து அவிழ்ப்பா. விரலுக்கு அவிழாது, அவ்வளவு இறுக்கம். உண்டியலில் போட்டு முடித்த பிறகுதான் எனக்குக் கச்சான் கடலை. கச்சான் விற்ற அம்மா மட்டக்களப்பிலிருந்து வருகிறவ, மாமாங்கத் திருவிழாவிலும் அவவின் கடை இருக்கும். தமிழ்ச் சனமும் நேர்ச்சையோடு வந்து போகும். யுத்தப் பிரச்சினைக் காலத்தில்தான் அது குறைந்தது.

கந்தூரியைப் பிடிக்காதவர்களுக்கு ஒரு சொல். எனக்கும் சிலது உடன்பாடில்லை, ராத்திபு என்று கூட்டமாக ஓதிக்கொண்டே உடம்பில் குத்திக்கொள்வதைச் சின்ன வயதிலேயே பார்க்க மாட்டேன். ஆனால் பள்ளி என்றால் தொழுகை மட்டுமா? நம் பக்கத்தில் குடி என்ற வம்சப் பிரிவு ஒவ்வொன்றுக்கும் பிரதிநிதியாக ஒரு மரைக்காயர் பள்ளியில் நிற்பார். குடி வருவது தாய் வழியில். தமிழர் கோயில்களில் குடிக்கு ஒரு வண்ணக்கர் என்ற பொறுப்பாளர் இருப்பது போலத்தான் இதுவும். 1956இல் பள்ளிகளுக்கும் அறக்கட்டளைகளுக்குமான வக்பு சட்டம் வந்து, பள்ளி நிர்வாகத்துக்கு நம்பிக்கையாளர் சபை என்று பெயர் மாறினாலும், ‘எந்தக் குடி?’ என்ற கேள்வி லேசில் போகவில்லை. கலியாணம், வழக்கு, மையித்து அடக்கம் எல்லாம் அந்த மரைக்காயர்மார் வழியாகத்தான் நடந்தன. இதை எழுதாமல் ஊர் வரலாறு என்று எதை எழுதப் போகிறோம்?

2004 டிசம்பர் 26 சுனாமியைப் பற்றி நான் எழுதி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. பள்ளியும் அடிவாங்கியது, சுற்றியிருந்த வீட்டு வளவுகள் போயின. கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்றார்கள். பிறகு தளர்த்தினார்கள், ஆனால் அதற்குள் சனம் கரையை விட்டு உள்ளே போய்விட்டது. கொடி மறுபடி ஏறியது. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் இல்லை.

எங்கள் வீட்டு அல்பமும் அன்றைக்கே போய்விட்டது. மூத்தம்மாவின் ஒரு படம் கூட மிஞ்சவில்லை. அதனால் கேட்கிறேன்: சுனாமிக்கு முன் வெளிநாடு வந்தவர்களிடம், கொடியேற்றத்திலோ பள்ளி முற்றத்திலோ எடுத்த படம் ஏதாவது இருந்தால் ஸ்கேன் பண்ணி அனுப்புங்கள். பின்பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள், நம் உம்மாமார் திகதியும் பெயரும் அங்கேதான் எழுதி வைப்பார்கள். படத்தில் பின்னால் யாருடைய வளவு தெரிகிறது என்று சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. டோஹாத் தம்பி, பையன் எப்போது கொடுக்க வேண்டும் என்று மட்டும் ஒரு வரி போடுங்கள்.

வஸ்ஸலாம்.