ஒப்பந்தம் போட்டு ஒன்றரை வருஷம், முதல் நாவல் இன்னும் அச்சேறவில்லை

வணக்கம். என் முதல் நாவல் ஒரு பதிப்பகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அவர்களும் போடவில்லை, வேறு இடத்தில் கொடுக்கவும் விடவில்லை.

ஊர் கோவில்பட்டி. தீப்பெட்டி ஆபீஸ் பெண்களின் கதை. என் அம்மாவும் அந்த வேலை பார்த்தவர்தான். எழுதி முடிக்க ஆறு வருஷம் ஆனது. டெமி என்ற புத்தக அளவில் 280 பக்கம்.

2024 ஆகஸ்டில் கையெழுத்துப் போட்டோம். ராயல்டி 10 சதவீதம், முன்பணம் கிடையாது, நானும் பணம் எதுவும் கட்டவில்லை. எப்போது வெளியிடுவார்கள் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்கு வந்துவிடும் என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். இரண்டு ஜனவரி போய்விட்டது.

நடுவில் ஒரு முறை மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்தும் பிரதி, வந்தது. யூனிகோடிலிருந்து பழைய எழுத்துருவுக்கு மாற்றியதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறிக் கிடந்தது. மூன்று ராத்திரி உட்கார்ந்து சிவப்பு மையில் திருத்திக் கூரியரில் அனுப்பினேன். அதோடு சரி.

போன், மின்னஞ்சல், நேரில் ஒரு தடவை, கடைசியாகப் பதிவுத் தபால். ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது, பதில் வரவில்லை.

பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19(4)-ஐப் படித்தேன். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், உரிமையை வாங்கியவர் ஒரு வருஷம் பயன்படுத்தாதபோது அது காலாவதியாகும் என்கிறது.

இதை வைத்து நானே கடிதம் எழுதிவிட்டு வேறு பதிப்பகத்துக்குக் கொடுக்கலாமா, இல்லை வக்கீல் நோட்டீஸ் அனுப்பியே ஆகவேண்டுமா?