பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்: முதல் அடியிலேயே எப்படி முடங்கியது?

செம்பவாங்_நடையன்:

வணக்கம். 1941 டிசம்பர் 10-ஆம் தேதி மலாயாவின் குவாந்தான் கடலில் மூழ்கிய இரண்டு பிரிட்டிஷ் கப்பல்களைப் பற்றிய கேள்வி இது. இங்கே பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் கதை தெரியும். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் இரண்டும் சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்திலிருந்து கிளம்பின, துணைக்கு விமானம் இல்லை, ஜப்பான்காரன் மேலிருந்து வந்து அடித்தான், மூழ்கின. பரீட்சைக்கு இது போதும்.

எனக்கு இடிக்கிற இடம் வேறு. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அந்த வருஷம்தான் சேவைக்கு வந்த புத்தம் புதுக் கப்பல். ரிபல்ஸ் 1916-இல் கட்டியது, அப்போதே கிழம். ஆனால் படிக்கிற புத்தகத்தில் எல்லாம் புதுக் கப்பல் முதல் டார்பிடோவிலேயே கைகால் விழுந்து நிற்கிறது, கிழம் விழுந்தடித்து ஓடி அத்தனை டார்பிடோவிலும் தப்பிக்கிறது. இது எப்படி? 35,000 டன்னுக்கு மேல் எடை உள்ள கப்பலுக்கு ஒரு டார்பிடோ என்ன பெரிய விஷயம்?

இன்னொன்று. சிங்கப்பூரின் கிராஞ்சி போர் நினைவிடத்தில் தூண் தூணாகப் பார்த்தேன். இந்தக் கப்பல்காரர்களின் பெயர்கள் கண்ணில் படவே இல்லை. நான் தேடியது தப்பான இடமா?

கோப்பி_ஓ_கோசோங்:

ரொம்ப யோசிக்காதீங்க அண்ணே. விமானம் இல்லை, அவ்வளவுதான். கூட வரவேண்டிய விமானந்தாங்கி இண்டமிடபிள் நவம்பரில் ஜமைக்கா பக்கம் தரைதட்டிப் போச்சு. அது வந்திருந்தா கதையே வேற.

பழைய_ஃபிட்டர்:

கோப்பி தம்பி சொல்வது அடி ஏன் விழுந்தது என்பதற்குப் பதில். விழுந்த ஒரு அடியில் கப்பல் ஏன் படுத்தது என்று அல்லவா நடையன் கேட்கிறார். அது விமானக் கணக்கு இல்லை, ஷாஃப்ட் கணக்கு; அதாவது எஞ்சினிலிருந்து போய் புரொப்பெல்லரைச் சுற்றும் தண்டு. ஷாஃப்ட் என்றால் நான் கொஞ்சம் பேசலாம். செம்பவாங்கில் மெரின் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன்.

கப்பல் ட்ரை டாக்கில் உட்கார்ந்து தண்ணீர் வடிந்ததும் எங்கள் ஆள் முதலில் போய் நிற்கிற இடம் பின்பக்கம், புரொப்பெல்லருக்கு அடியில். ஃபீலர் கேஜை உள்ளே விட்டு, ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்போம். சில மில்லிமீட்டர் கூடியிருந்தாலே சர்வேயர் முகம் மாறிவிடும். ஏன் அவ்வளவு கவலை? கப்பலின் அடியில் தெரிந்தே போட்டு வைத்திருக்கும் ஓட்டை அது. ஷாஃப்ட் வெளியே போக வழி வேண்டும், தண்ணீர் உள்ளே வரக்கூடாது. இரண்டுக்கும் நடுவே நிற்பது ஸ்டெர்ன் டியூபும் (ஷாஃப்ட் வெளியே போகும் குழாய்) கிளாண்ட் பேக்கிங்கும் (அதைச் சுற்றித் தண்ணீரை அடைக்கும் திணிப்பு) மட்டும்தான்.

பிரின்ஸ் ஆஃப் வேல்ஸுக்கு நான்கு ஷாஃப்ட். வெளிப்பக்கத்து ஷாஃப்ட் கப்பலின் உடம்பை விட்டு வெளியே வந்து கொஞ்ச தூரம் தண்ணீரிலேயே ஓடும். அங்கே அதைத் தாங்கிப் பிடிப்பது ஏ-பிராக்கெட், கப்பலின் அடியிலிருந்து இறங்கும் இரும்புத் தாங்கி. பகல் 11:44 வாக்கில் இடதுபக்க வெளி ஷாஃப்ட் இருக்கும் இடத்தில் டார்பிடோ வெடித்தது. பிராக்கெட் போனது. கப்பல் அப்போது 25 நாட் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, ஷாஃப்ட் முழு வேகத்தில் சுற்றுகிறது. அத்தனை டன் இரும்பு, பிடிமானம் இல்லாமல், கோணிய பம்பரம் மாதிரி ஆடியது. ஆடிய ஆட்டத்தில் ஸ்டெர்ன் டியூபையும் கிளாண்டையும் பிய்த்துவிட்டது. டார்பிடோ போட்ட ஓட்டை ஒரே இடத்தில். ஷாஃப்ட் போட்ட ஓட்டையோ எஞ்சின் ரூம் வரைக்கும் ஒரு குழாய் மாதிரி நீள்கிறது.

இதற்குமேல்தான் எனக்கு வயிறு கலங்கும். 'பி' எஞ்சின் ரூம்காரர்கள் ஷாஃப்டை நிறுத்திவிட்டார்கள், சரியாகவே நிறுத்தினார்கள். அப்புறம் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். ஓட்டியதும் ஷாஃப்ட் பாதை வழியாகத் தண்ணீர் பாய்ந்து வந்தது. எஞ்சின் ரூமை விட்டுவிட்டு ஓட வேண்டியதாயிற்று. அதோடு ஒரு பாய்லர் ரூம், கரண்ட் தயாரிக்கும் டீசல் டைனமோ ரூம் எல்லாம் நனைந்தன. உள்ளே வந்த தண்ணீர் சுமார் 2,400 டன். வேகம் 25-லிருந்து 16 நாட்டுக்கு இறங்கியது. கப்பல் இடதுபக்கம் 11 டிகிரிக்கு மேல் சாய்ந்தது.

டைனமோ போனால் என்ன ஆகும் என்று மேல்தளத்தில் இருக்கிறவனுக்குச் சட்டென்று புரியாது. பின்பாதி முழுக்க கரண்ட் இல்லை. பம்ப் ஓடாது, ஆகவே தண்ணீரை வெளியே தள்ள முடியாது. விசிறி ஓடாது, நம்ம ஊர் வெக்கையில் கீழ்த்தளத்தில் ஆள் நிற்க முடியாது. டெலிபோன் வேலை செய்யாது. விமானத்தைச் சுடுகிற 5.25 அங்குல பீரங்கிகளின் கோபுரங்கள் கரண்டில் திரும்புபவை. கரண்டும் இல்லை, கப்பலும் சாய்ந்து கிடக்கிறது, பாதிக் கோபுரங்கள் சும்மா நின்றன. ஸ்டியரிங்கும் கைவிட்டது. மீதி டார்பிடோக்கள் வரும்போது அது போர்க்கப்பலே இல்லை. கட்டிப்போட்ட மாடு. பிற்பகல் 1:18-க்கு முழுகியது.

"கவசம் இருக்கிறதே" என்று கேட்பார்கள். கவசமும் டார்பிடோ தடுப்பும் கப்பலின் நடுப்பாகத்துக்கு. வால் பக்கம் அதையெல்லாம் சுமக்க முடியாது. அதே வருஷம் மே மாதம் ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்குக்கு நடந்ததும் வாலில்தான். ஒரு பிரிட்டிஷ் சுவார்ட்ஃபிஷ் விமானம் போட்ட டார்பிடோவில் சுக்கான் பூட்டிக்கொண்டது, அவ்வளவு பெரிய கப்பல் வட்டமடித்துக்கொண்டு நின்றது.

செம்பவாங்_நடையன்:

ஐயா, இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. நன்றி. ஒரு சந்தேகம்: நிறுத்திய ஷாஃப்டை எதற்குத் திரும்ப ஓட்டினார்கள்? அது தப்பில்லையா?

பழைய_ஃபிட்டர்:

தப்பு என்று டாக்கின் அடியில், தண்ணீர் இல்லாமல், டார்ச் அடித்துப் பார்க்கிற நான் சொல்லலாம். அவர்களுக்கு வெளியே என்ன உடைந்தது என்று பார்க்க வழியே கிடையாது. எஞ்சின் ரூமில் இருப்பவனுக்கு மீட்டர் முள், சத்தம், காலடியில் அதிர்வு, இந்த மூன்றுதான் கண். மேலே விமானம் சுற்றிக்கொண்டிருக்கிறது, பிரிட்ஜிலிருந்து வேகம் வேண்டும் என்பார்கள். ஒரு ஷாஃப்ட் போனால் வேகம் போகும். ஓட்டிப் பார்க்காத எஞ்சினியரைக் காட்டுங்கள், நான் கும்பிடுகிறேன்.

பிறகு, உங்கள் முதல் கேள்வியில் "புத்தம் புது" என்றீர்களே. புதுசு என்பது யார்டுக்காரனுக்குப் பெருமை, கப்பல்காரனுக்குத் தலைவலி. மே 24-ஆம் தேதி பிஸ்மார்க்கோடு சண்டை போடும்போது பிரின்ஸ் ஆஃப் வேல்ஸுக்குள் கம்பெனி ஆட்கள் இருந்தார்கள் தெரியுமா? பீரங்கிக் கோபுரம் செய்த விக்கர்ஸ்-ஆம்ஸ்ட்ராங் தொழிலாளிகள், சட்டையில் கிரீஸோடு, சண்டை நடுவிலேயே ரிப்பேர் பார்த்தார்கள். 14 அங்குல பீரங்கிகள் பத்து, அதில் பல நடுவில் சிக்கிக்கொண்டன. கடற்படைக்காரன் பதக்கம் வாங்குகிறான், இவர்கள் பெயரை யாரும் எழுதுவதில்லை. ஸ்பேனர் பிடித்தவன் கதையே அதுதான், போகட்டும்.

ரிபல்ஸ் விஷயம் வேறு. கேப்டன் டென்னன்ட் கையில் கப்பல் நன்றாகத் திரும்பியது. டார்பிடோ விழுந்த பக்கத்தைப் பார்த்து, அதன் பாதைக்கு இணையாகக் கப்பலைத் திருப்பிவிடுவார். இப்படி 19 டார்பிடோவை ஏமாற்றினார். கடைசியில் இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் வந்தார்கள். ஒன்றுக்குத் திரும்பினால் மற்றதற்கு அகலமாக விலாவைக் காட்ட வேண்டும். அதற்கு மருந்து கிடையாது. வரிசையாக வாங்கி, 12:33-க்குப் போய்விட்டது. புதுக் கப்பலுக்கு முன்னாலேயே போனதும் ரிபல்ஸ்தான், கவனித்தீர்களா? ஓடத் தெரிந்தது, தாங்கத் தெரியவில்லை. 1916 உடம்பு.

அட்மிரல்டி_ரோடு_டீச்சர்:

கிராஞ்சி கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அங்கே தூண்களில் இருக்கும் 24,000-க்கு மேற்பட்ட பெயர்கள், கல்லறை கிடைக்காத தரைப்படை, விமானப்படை வீரர்களுடையவை. இந்திய ராணுவத்தினர் பெயர்கள் ஏராளம், நிதானமாகப் பார்த்தால் நம் பக்கத்துப் பெயர்களும் கண்ணில் படும். பிரிட்டிஷ் கடற்படைக்கு ஏற்பாடு வேறு. கடலில் இறந்து உடல் கிடைக்காத மாலுமியின் பெயர் அவருடைய தாய்த் துறைமுகத்தில் பொறிக்கப்படும்: பிளிமத், போர்ட்ஸ்மத், சாத்தம். ஆகவே செம்பவாங்கிலிருந்து கிளம்பி மலாயாக் கடலில் இறந்தவர்களை இங்கிலாந்தில்தான் தேட வேண்டும்.

எண்ணிக்கை கேட்டால்: பிரின்ஸ் ஆஃப் வேல்ஸில் 1,612 பேரில் 327 பேர், ரிபல்ஸில் 1,309 பேரில் 513 பேர். மொத்தம் 840. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் பிழைத்ததற்குக் காரணம் கூடப் போன சிறு கப்பல்கள். எக்ஸ்பிரஸ் என்ற நாசகாரி, சாய்ந்துகொண்டிருந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸை ஒட்டிப் போய் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டது. பெரிய கப்பல் புரண்டபோது அதன் அடிவிளிம்பு பட்டுத் தானும் கவிழத் தெரிந்தது. மாணவர்களிடம் அட்மிரல்களைவிட இதைத்தான் நான் அதிகம் சொல்வேன்.

கோப்பி_ஓ_கோசோங்:

அப்போ இந்தக் கப்பல்களுக்குத் தலைமை தாங்கிய அட்மிரல் டாம் ஃபிலிப்ஸ் மேல தப்பே இல்லையா? ஷாஃப்ட் மேல பழியைப் போட்டுட்டுப் போயிடலாமா? 😀

அட்மிரல்டி_ரோடு_டீச்சர்:

போட முடியாது. டிசம்பர் 8 மாலை கிளம்பியபோதே விமானத் துணை கேட்டார், 10-ஆம் தேதி தர முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். வடக்கு மலாயாவின் கோத்தா பாரு விமானத்தளம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. 9-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கண்ணில் பட்டதும் ரகசியம் போய்விட்டதென்று திரும்பிவிட்டார். அதுவரை நியாயம். நள்ளிரவு வாக்கில் குவாந்தானில் எதிரி இறங்குவதாகச் செய்தி வர, அங்கே திருப்பினார். செய்தி பொய். எக்ஸ்பிரஸ் போய்ப் பார்த்தது, ஒன்றுமில்லை.

என் குறை இதுதான்: குவாந்தானுக்குப் போகிறேன் என்று சிங்கப்பூருக்கு ஒரு வரிகூட அனுப்பவில்லை. வானொலி மௌனம். அடி தொடங்கிய பிறகும் அவர் கூப்பிடவில்லை. 11:58-க்கு அவசரச் செய்தி அனுப்பியவர் ரிபல்ஸின் டென்னன்ட். அதைக் கேட்டு செம்பவாங் விமானத்தளத்திலிருந்து ஆஸ்திரேலிய 453-ஆம் படையின் பஃபலோ விமானங்கள் பறந்துபோய்ச் சேர்ந்தபோது பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மூழ்கிக்கொண்டிருந்தது. முதல் குண்டு ரிபல்ஸ் மேல் விழுந்தது 11:13-க்கு. அப்போதே கூப்பிட்டிருந்தால்? பஃபலோ உலகமகா விமானம் இல்லைதான். ஆனால் சண்டை விமானத்தின் துணையில்லாமல் வந்த குண்டுவீச்சு விமானங்களை அது கலைத்திருக்கும்.

பழைய_ஃபிட்டர்:

டீச்சர் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஒன்று தவிர. 11:13-க்கும் 11:44-க்கும் நடுவே அரைமணிதான். செம்பவாங்கிலிருந்து அங்கே போய்ச் சேர ஒரு மணி நேரம் வேண்டும். ஃபிலிப்ஸ் உடனே கூப்பிட்டிருந்தாலும் அந்த ஷாஃப்ட் அடியைத் தடுத்திருக்க முடியாது. ரிபல்ஸ் பிழைத்திருக்கலாம், அதை மறுக்கவில்லை. காலையிலேயே தலைக்குமேல் விமானம் நின்றிருந்தால்தான் இரண்டும் பிழைத்திருக்கும். அதற்கு முந்தின ராத்திரி, குவாந்தானுக்குத் திரும்பும்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும்.

செம்பவாங்_நடையன்:

இதையெல்லாம் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்? பார்த்தவர்கள் சொன்னதை வைத்தா? கப்பல் கடலடியில் இருக்கிறதே.

பழைய_ஃபிட்டர்:

ரொம்ப நாள் அப்படித்தான். பிழைத்தவர்கள் எண்ணிச் சொன்னதை வைத்து ஆறு டார்பிடோ என்று எழுதினார்கள். 2007-இல் முக்குளிப்பவர்கள் இறங்கி அளந்து பார்த்தார்கள். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தலைகுப்புற, 68 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. தலைகுப்புறக் கிடந்தது ஒரு வகையில் வசதி, அடிப்பாகம் முழுக்க மேலே தெரிகிறது, டாக்கில் பார்ப்பது போல. பட்டது நான்குதான் என்று தெரிந்தது. இடதுபக்கம் ஒன்றே ஒன்று, அந்த ஷாஃப்ட் பக்கத்து அடி. பிய்ந்துபோன ஷாஃப்ட் பாதையையும் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தார்கள்.

நல்லவேளை அப்போதே பார்த்தார்கள். அதற்கப்புறம் திருடர்கள் புரொப்பெல்லர்களை வெடிவைத்துக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எல்லாம் வெண்கலம், ஸ்க்ராப் விலை நன்றாக வரும். 2023 மே மாதம் மலேசியக் கடல் அமலாக்கத் துறை ஜொகூர் பக்கம் சுவான் ஹோங் 68 என்ற சீனக் கப்பலைப் பிடித்தது ஞாபகம் இருக்கலாம், அதில் பழைய பீரங்கிக் குண்டுகள் குவிந்து கிடந்தன. 840 பேர் உயிர்விட்ட இடத்தில் கிரேன் போட்டு அள்ளுகிறவனை என்ன சொல்வது, எழுதினால் மாடரேட்டர் வெட்டிவிடுவார்.

கப்பலின் மணியை மட்டும் 2002-இலேயே முறையாக எடுத்து லிவர்பூல் மியூசியத்தில் வைத்துவிட்டார்கள். கப்பல் கட்டிய காமல் லேர்ட் யார்ட் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பர்க்கன்ஹெட்டில். நடையன், சர்வே ரிப்போர்ட்டைத் தேடிப் படியுங்கள், பின்பக்கத்தின் வரைபடம் இருக்கும். ஏ-பிராக்கெட் எது, ஸ்டெர்ன் டியூப் எது என்று புரியாவிட்டால் படத்தை இங்கேயே போடுங்கள், குறித்துக் காட்டுகிறேன்.