புதுப்பிப்பு: மகளுக்கு ஜிம் மாற ரிலீஸ் (பழைய ஜிம்மின் அனுமதிக் கடிதம்) கிடைத்துவிட்டது

சீசன் நடுவில் மகள் சியர்லீடிங் (குழுவாக ஜிம்னாஸ்டிக்ஸும் நடனமும் ஆடும் போட்டி விளையாட்டு) ஜிம் மாறுகிறாள், பழைய ஜிம் ரிலீஸ் தர மறுக்கிறது என்று எழுதியிருந்தேனே, அது முடிந்தது. பாக்கி மாதக் கட்டணம், போட்டிக் கட்டணம், யூனிஃபார்ம் பணம் எல்லாம் கட்டி, ரசீதோடு மின்னஞ்சல் அனுப்பிய பிறகுதான் உரிமையாளர் கையெழுத்துப் போட்டார். புது அணி ஏப்ரலில் ஆர்லாண்டோவில் நடக்கும் வேர்ல்ட்ஸுக்கு (சியர்லீடிங் உலகப் போட்டி) குறிவைப்பதால், அதை நடத்தும் அமெரிக்க அமைப்பான யுஎஸ்ஏஎஸ்எஃப் விதிப்படி அந்த ரிலீஸ் கடிதம் இல்லாமல் நகர வழியில்லை.

ஜிம் பக்கமும் நியாயம் உண்டு, ஒரு பேஸ் (கீழே நின்று தூக்குபவர்) கிளம்பினால் ஃப்ளையரை (மேலே தூக்கப்படுபவர்) தாங்க ஆளில்லாமல் ஸ்டண்ட் குழுவே உடைந்துவிடும், ரொட்டீனை (போட்டியில் ஆடும் முழு நிகழ்ச்சியை) மாற்றி அமைக்க வேண்டும். ஆனால் பணம் முழுக்கக் கட்டிய பிறகும் பிள்ளையைப் பிடித்துவைப்பது அநியாயம், இதில் நான் மாறவே மாட்டேன். அப்புறம், கேட்டவர்களுக்கு: வக்கீல் தேவைப்படவில்லை, எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டதே போதுமாக இருந்தது.